பழைய மெய்யும் புதிய உயிரும்

மெய் தானே இயங்காது. உயிரோடு கூடியே இயங்கும் என்பது எழுத்திலக்கணம் பயில்வார் முதற்கண் அறியும் உண்மை. எழுத்துக்குரிய இவ்விதி இரும்புக்கும் உரியதே என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நம் கல்லூரித் தச்சுக்கூடத்திலே யாம் கண்டோம். அதனை அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கூடத்தின் ஒரு மூலையில் வார்ப்பிரும்பாலாகிய பட்டை ரம்பமொன்று நிற்கின்றது. முனையின்றி இணைந்த எஃகுப் பட்டை, மேலும் கீழுமாக அமைந்த இரு சக்கரங்களைச் சுற்றியோடி, இடையே மேசைமீது வைத்த மரத்தை அறுக்கும். முற்காலத்தே அமெரிக்க நாட்டினின்று மிஷன் பெரியோர் கொணர்ந்தது அது. நம் சிற்றாலயத்துப் பெஞ்சுகளும் விடுதி மேசைகளும் அதன்வழிப் பிறந்தனவே. சென்ற ஆண்டிறுதியில் அதன் மோட்டார் புகைந்து நின்றது. பழைய இரும்பு வாங்குவோர்க்கு எடைக்குக் கொடுத்துவிடலாம் என்னும் பேச்சும் எழுந்தது. அதனோடு நெடுங்காலம் பழகிய தச்சாசிரியரோ, "தம்பிகளே, செத்தது மோட்டார், ரம்பம் அன்று" என்றார். விடுமுறை முடியுமட்டும் தவணை பெற்று, யாம் அவர்க்குக் கையாட்களானோம்.

பழைய மோட்டாரின் சுருள் கருகியதோடு கம்யூட்டேட்டரும் தேய்ந்திருந்தமையின், புதியது வாங்குதலே தக்கதெனத் துணிந்தோம். அதன் பெயர்த்தகட்டைத் துடைத்து நோக்கியபோது வியப்பொன்று காத்திருந்தது. வினாடிக்கு 60 அலைவுடைய மின்சாரத்தில் நிமிடத்திற்கு 1725 சுற்று எனத் தகடு கூறிற்று. நம் நாட்டு மின்சாரமோ 50 அலைவுடையது. இவ்வகை மோட்டாரின் வேகம் அலைவின் வழியே செல்லும். ஆதலின் இங்கே அது ஏறத்தாழ 1440 சுற்றே சுழன்றிருத்தல் வேண்டும். அலைவு குறைய மின்னழுத்தம் குறையாதிருப்பின், இரும்பு மிகுதியாகக் காந்தமேறி, மின்னோட்டம் பெருகி, வெப்பமும் மிகும். அயல்நாட்டினின்று வந்த அம்மோட்டார் தன் வேகத்தை இழந்து, நாடோறும் வெந்து, ஆயினும் உழைத்தே மாண்டது!

யாம் கணக்கிட்டோம். சக்கரத்தின் குறுக்களவு 14 அங்குலம். எனவே சுற்றளவு 44 அங்குலம். மோட்டாரின் கப்பி 2½ அங்குலம். சக்கரத்தோடு சேர்ந்த கப்பி 5¼ அங்குலம். 1725 சுற்றுக்கு ரம்பம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி ஓடும். 1440 சுற்றுக்கோ 2,500 அடியே. ரம்பத்தின் இயல்பென யாவரும் கருதியிருந்த மந்தம் அதன் இயல்பன்று. புதிய மோட்டாரும் 1440 சுற்றினதே. எனினும் அதற்கு 3 அங்குலக் கப்பி பொருத்தின் பழைய 3,000 அடி மீளும்.

"இன்னும் பெரிய மோட்டார் வைப்போமே" என்றார் எம்முள் ஒருவர். பழைய ஆடையில் புதுத்துணி தைத்தால் கிழிசல் மிகும் என்னும் சுவிசேஷ உண்மையை ஆசிரியர் நினைவூட்டினார். முன்போல் முக்கால் குதிரைத்திறனே கொண்டோம்.

உயிரும் உயிரும் அடுத்து வரின் உடம்படுமெய் வேண்டப்படுமன்றோ? இங்கும் அஃதே. பழைய தண்டு ⅝ அங்குலம். புதியது 19 மில்லிமீட்டர். அடித்தளத் துளைகளும் ஒத்து வரவில்லை. ஆகவே புதிய கப்பியைத் தண்டின் அளவுக்குக் கடைந்து, இரும்புத் தகடொன்றில் இருவகைத் துளைகளுமிட்டு இடையே வைத்தோம். நூல் பிடித்து இரு கப்பிகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, பெல்ட்டை மாட்டினோம். நிலத்தொடுப்புக் கம்பியையும் மறந்திலோம்.

ரம்பப்பட்டையைக் கழற்றி வைத்தே முதலில் விசையை அழுத்தினோம். சக்கரம் எதிர்த்திசையிற் சுழன்றது. பட்டை மேசையை நோக்கிக் கீழ்நோக்கி ஓடுதலே முறையாதலின், மின்னிணைப்பைத் துண்டித்துத் தொடக்கச் சுருளின் இரு முனைகளையும் மாற்றினோம். திசை நேராயிற்று. பின்னர்ப் பட்டையை ஏற்றி, ஆசிரியர் தேக்குப் பலகையொன்றைச் செலுத்தினார். பாதியில் கையை நிறுத்தி, "இத்தனை நாள் இதைக் கிழடென்று எண்ணியிருந்தேனே" என்றார். மறுநாள் முதல்வர் வந்து நோக்கினார். எடைக்கு விற்கும் பேச்சு அன்றோடு ஒழிந்தது.

நல்லோர் சமைத்த மெய் நெடுநாள் நிற்கும். உயிரூட்டும் பொருளே காலந்தோறும் மாறும். பழையதென ஒன்றைத் தள்ளுமுன், அதன்கண் மாண்டது யாது, மாளாதது யாது எனப் பகுத்தறிதல் கற்றோர் கடன். தள்ளர்ச்சி எனத் தோன்றுவது பொருளின் குறையன்றி, நாம் அதனை இயக்கிய முறையின் குறையாகவும் இருத்தல் கூடும்.