தைல வாசம்

பேரனுக்குச் சளி. வெந்நீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, போர்வையை மூடி ஆவி பிடிக்க வைத்தேன். வாசம் ஏறியதும் எனக்குக் கால் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பாதைக்குப் போய்விட்டது. முன்னால் அப்பத்தா, தலையில் கஞ்சிப் பானை.

இரண்டு பக்கமும் தைலமரக்காடு. கோடு போட்டாற்போல என்று சொல்வார்கள். கோடு போட்டுத்தான் நட்டிருந்தார்கள். அப்பத்தா அதைக் காடு என்று சொன்னதே இல்லை. "மரம் வச்ச எடம்" என்பாள். அவளுக்குக் காடு என்றால் சூரை, காரை, களா, பாலை. மடி நிறையப் பழமில்லாமல் திரும்ப முடியாத இடம். "இதுக்குள்ள போயி என்னத்தடா திங்கிறது? ஆடே வாய் வைக்க மாட்டேங்குது."

ஆடு தின்னாது என்பதுதான் அந்த மரத்துக்கு முதல் தகுதி என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். வேலி வேண்டாம். வெட்டினால் அடிக்கட்டையே துளிர்க்கும். 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தபோது வெள்ளைக்காரர்களின் குளிருக்கு விறகு. சமவெளியில் காகிதக் கூழ். எங்கள் பக்கம் நிற்பது மலையில் இருப்பதன் பங்காளி இனம். பெயர் தைலமரம், அதில் தைலமோ கொஞ்சம்தான்.

வெட்டு நடக்கும் வருஷம் பட்டை உரிக்கிற ஆட்கள் வந்து கொட்டகை போடுவார்கள். உரித்த பட்டையை அப்பத்தா அடுப்புக்கு அள்ளி வருவாள். வீடெல்லாம் இதே வாசம். அவள் ஆடு மேய்த்த புறம்போக்கில் கிடைத்த பட்டை அது. அதையும் ஒருநாள் கீழே போடச் சொன்னார்கள்.

மரம் தண்ணீரை உறிஞ்சுகிறதா இல்லையா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அப்பத்தாவின் வழக்கு வேறு. மரத்துக்கு ஈரம் நிற்கவேண்டுமென்று சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள், பின்னாளில் பொக்லைன் வைத்தே. மேட்டில் பெய்தது வரத்து வாரியில் இறங்கிக் கண்மாய்க்கு வரவேண்டும். கண்மாய் பெருகினால்தான் கிணறு ஊறும். வேர் குடித்ததைக் கண்ணால் பார்க்க முடியாது; வரப்பு மறித்ததைச் சின்னப்பிள்ளையும் பார்க்கலாம். நான் பார்த்தேன். ஒரு ஐப்பசியில் மரங்களுக்குள் முழங்கால் தண்ணீர், கண்மாய்க்குள் நாங்கள் கிட்டிப்புள் ஆடினோம்.

1983-ல் கர்நாடகத்தில் தும்கூர் பக்கத்து விவசாயிகள் நாற்றங்காலுக்குள் புகுந்து தைலமரக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, புளியும் மாவும் ஊன்றினார்கள். அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், "பாலையும் நாலு போடச் சொல்லு" என்றிருப்பாள். எங்கள் ஊரில் மனு எழுதினார்கள். 'வாரி'யை 'வாறி' என்று எழுதியிருந்ததைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். படித்த பிள்ளையால் ஆனது அவ்வளவுதான்.

"போதும் தாத்தா" என்று போர்வையை விலக்கினான் பேரன். முகமெல்லாம் வேர்வை. "இந்த மரம் உங்க ஊர்ல இருக்கா?"

"அதுதான் இருக்கு" என்றேன்.

பாலை மரம் அய்யனார் கோயில்காட்டில் மட்டும் மூன்று நிற்கிறது. அங்கே யாரும் கோடு போடவில்லை. வைகாசியில் போனால் பழம் கிடைக்கும்.