மஞ்சள் துணியில் ஆயிரம் ரூபாய்

சித்தூர் வெல்ல மண்டியில் பேரம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். 1953ல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை மாகாணத்தில் இருந்த ஊர் இது. அந்த மண்டியின் கல்லாவில்தான் அத்தை தன் மஞ்சள் துணி முடிப்பை அவிழ்த்தார். உள்ளே ஒற்றை ஆயிரம் ரூபாய் நோட்டு.

மாமா உடம்பு சரியில்லாமல் இருந்தபோது திருமலைக்கு நேர்ந்து முடிந்து வைத்தது. போகாமலே கண்ணை மூடிவிட்டார். 2016 நவம்பர் 8ம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது முடிப்பு பூஜையறைப் பரணில் இருந்தது. பரணைச் சுத்தம் செய்தபோதுதான் அகப்பட்டது. செல்லாது என்பது அத்தைக்குத் தெரியும். அவர் கவலை வேறு. மாங்காய் விற்ற பணத்தில் யாரோ கள்ள நோட்டைத் தள்ளிவிட்டிருந்தால்? "கள்ளப் பணத்துல முடிஞ்ச வேண்டுதல் சாமிக்குப் போய்ச் சேருமாப்பா?"

கணக்குப்பிள்ளை நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார். தாள் பளிச்சென்று ஒளிர்ந்தது. அத்தையின் முகம் வாடிவிட்டது. நல்ல நோட்டின் தாள் பருத்தியால் ஆனது. இந்த ஒளியில் மங்கலாகவே இருக்கும், வரிசை எண்ணும் சில இழைகளும் மட்டுமே மின்னும். சாதாரண வெள்ளைத் தாளில் அடித்த கள்ள நோட்டுதான் முழுக்க ஒளிரும்.

கணக்குப்பிள்ளை அனுபவசாலி. துணியை விளக்கடியில் நீட்டினார். அதுவும் ஒளிர்ந்தது. "மஞ்சளோட வேலைம்மா இது" என்றார். புற ஊதா ஒளியில் மஞ்சள் மின்னும்; அந்த மஞ்சள்தான் ஆண்டுக்கணக்கில் நோட்டில் ஊறியிருந்தது.

விளக்கை அணைத்துவிட்டுப் பழைய முறைக்கு வந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் வெற்றிடத்தில் காந்தியின் நீர்க்குறி, நிழலும் வெளிச்சமுமாக. பாதுகாப்பு இழையில் இந்தியில் 'பாரத்'. நடுவிலுள்ள 1000 என்ற எண் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாகிறது. இடது ஓரத்தில், பார்வையற்றோருக்காக மேடாக அச்சிட்ட வைர வடிவம் கட்டைவிரலில் தட்டுப்படுகிறது. பின்பக்க மொழிப் பட்டியலில் தமிழுக்கு அடுத்த வரி தெலுங்கு, சித்தூர் மண்டியைப் போலவே.

"நோட்டு நல்ல நோட்டும்மா. செல்லாது, அவ்வளவுதான்."

அத்தை கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 2022 முதல் அது தனி மாவட்டத்தின் தலைநகர். மலைமேல், உண்டியலில் விழுவதையெல்லாம் எண்ணும் இடத்துக்குப் பரகாமணி என்று பெயர். பையில்லாத வேட்டியோடு உட்கார்ந்து ரூபாயையும் சில்லறையையும் வெளிநாட்டுப் பணத்தையும் தரம் பிரிக்கிறார்கள். 2023 முதல் இதற்கெனத் தனிக் கட்டடத்தில் எண்ணுகிறார்கள்.

அத்தையின் நோட்டுக்கு அங்கே உறவினர் ஏராளம். மாற்ற முடியாமல் தங்கிவிட்ட பழைய நோட்டுகள் சுமார் 50 கோடி ரூபாய் என்று 2020ல் தேவஸ்தானமே மத்திய நிதியமைச்சரிடம் முறையிட்டது. பக்தர்கள் போட்ட பணம்தான். ஆனால் 2017ம் ஆண்டுச் சட்டப்படி அந்த நோட்டுகளுக்கு ரிசர்வ் வங்கி பொறுப்பில்லை. தனிமனிதர் 10 நோட்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் வேறு. ஒன்றை வைத்திருக்கத் தடையில்லை.

உண்டியல் வரிசையில் அத்தை மஞ்சள் துணியை மீண்டும் அவிழ்த்தார். மாமாவின் நோட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, துணியில் இரண்டு 500 ரூபாய் நோட்டுகளை வைத்தார். சற்று யோசித்து ஒரு நூறையும் சேர்த்து முடிந்தார்.

"அது எதுக்கு அத்தை?"

"பெருமாளைத் தெலுங்குக்காரங்க வட்டிகாசுலவாடுன்னுதானே சொல்றாங்க? இத்தனை வருஷம் லேட்டு. சும்மா விடுவாரா?"

முடிப்பு உண்டியலுக்குள் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ள, நாங்கள் நகர்ந்தோம்.