சிலிம் ரிவர்: தீ எரியும் இடத்துக்கு வண்டி போகுமா?

கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவே, நெடுஞ்சாலையில் விரைகிறவர்கள் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துவிட்டுக் கடக்கும் ஊர் சிலிம் ரிவர். பழைய சாலையில் இறங்கித் துரோலாக் பக்கம் போனால்தான் ஊரின் முகம் தெரியும். ரயில் தண்டவாளம், அதையொட்டித் தோட்டங்கள். அன்று பால்மரம், இன்று பெரும்பாலும் செம்பனை.

1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலையில்தான் பாய்ந்து வந்தன. வழியிலிருந்த தடுப்புகளைச் சுற்றிப் போக அவற்றுக்குக் கைகொடுத்தவை, சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதைகள். பக்கப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதை இந்த ஊர் அன்றே பார்த்துவிட்டது. தீயணைப்பிலும் அதே கதைதான்.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். காய்ந்த சருகில் ஒரு பொறி போதும். செம்பனைத் தோட்டத்தில் வரிசைக்கு நடுவே குவித்த மட்டைகள் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். லயங்களில் ஆள் நிறைந்திருந்த காலத்தில், புகையைக் கண்டதும் பச்சைக் கிளையோடும் மண்வெட்டியோடும் ஓட ஆளிருந்தது. இன்று பல லயங்கள் காலி. புகையை முதலில் பார்க்கவே ஆளில்லை.

ஊரில் பொம்பா நிலையம் உண்டு. ஆனால் பெரிய தீயணைப்பு லாரி தார்ச்சாலைக்கு ஏற்றது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அந்தப் பாரத்தோடு ஈரச் செம்மண் பாதையிலோ பழைய மரப்பாலத்திலோ ஏறினால், தீயணைக்க வந்த வண்டியையே மீட்க வேண்டியிருக்கும். உள்ளே போக ஏற்றது நான்கு சக்கர இழுவையுள்ள பிக்கப்பில் சிறிய தொட்டி, பம்பு, குழாய்ச் சுருள். தொட்டி தாழ்வாக, நன்றாக இறுக்கப்பட்டு இருக்க வேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகளும் வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக மோதி வண்டியைக் கவிழ்த்துவிடும். தோட்டத்து டிராக்டரும் தண்ணீர்த் தொட்டியும்கூட இதற்கு உதவும்.

வண்டியைக் கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் பெரிய வேலை. ஓடையில் நீர் எடுக்கும்போது உறிஞ்சு குழாயின் முனையில் வடிகட்டி இல்லையென்றால் சேறும் சருகும் பம்பை அடைத்துவிடும். ஏழு மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து உறிஞ்சும் பம்பால் தண்ணீர் எடுப்பது கடினம். வேலை முடிந்ததும் பம்பை நல்ல தண்ணீரால் அலசி, துணிக் குழாய்களை உலர்த்திச் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு மடித்துவைத்த குழாய், அடுத்த தீயின்போது அழுத்தம் தாங்காமல் கிழியும். பல மாதம் ஓடாத இயந்திரத்தை வாரம் ஒருமுறையாவது முடுக்கிப் பார்ப்பதும் அவசியம். பாதையோரப் புதரை வெட்டுவதும் இந்தப் பராமரிப்பில் சேர்த்திதான்.

சிலிம் ரிவர் பக்கம் போகிறவர்கள் சிகரெட் துண்டை வீசாதீர்கள். புகை கண்டால் 999-ஐ அழைத்து, தோட்டத்தின் பெயரோடு எந்தப் பாதையில் உள்ளே வரலாம் என்பதையும் சொல்லுங்கள். வருகிற வண்டிக்கு அந்த ஒரு தகவல் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.