இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

எழுபதை எட்டும் காதுகளுக்கு இவ்வளவு விலையில் ஸ்பீக்கர் என்னத்துக்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். கொழும்பில் வேலை பார்க்கும் மகன் சென்ற மாதம் வந்தபோது வேனிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினான். வார்ஃப்டேல் லிண்டன். ஒவ்வொன்றும் பதினெட்டுக் கிலோவுக்கு மேல். பண்டாரவளை ரயில் நிலையத்துக்கு மேற்புறமுள்ள எங்கள் வீட்டுப் படிகளில் அவற்றை ஏற்றுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

1932 இல் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் தம் வீட்டு நிலவறையில் தொடங்கியது வார்ஃப்டேல். லிண்டன் 1965 இல் வந்த பெட்டி. அதே பெயரில், அந்தக் காலத்து மரத்தோற்றத்தோடு 2019 இல் மீண்டும் வந்தது. இப்போது செய்வது சீனாவில். முன்துணியைக் கழற்றினால் அடித்தொனிக்கு எட்டு அங்குலக் கூம்பு, நடுத்தொனிக்கு ஐந்து அங்குலம், உச்சத்துக்கு ஓர் அங்குலக் குமிழ்.

முதலில் நாகூர் ஹனிபாவைப் போடச் சொன்னேன். எங்கள் வீட்டில் வேறு யாரைப் போடுவது? 2015 இல் மறைந்த அவரை நான் அறிந்தது இலங்கை வானொலி வழியாக, வாப்பாவின் கடையில் சீனி மூட்டைக்கு மேலிருந்த ரேடியோவில். அந்தக் குரல் எப்போதும் ஒரு மூங்கில் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கும். அதுதான் அவர் குரல் என்று ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். இப்போது நெஞ்சோடு வந்தது. பழைய பதிவுகளில் இடம், வலம் என்ற பிரிவு கிடையாது. இரண்டு பெட்டிகளும் ஒரே ஒலியைத் தரும்போது, நடுவில் ஒன்றுமில்லாத இடத்தில் ஆள் நிற்பது போலக் காது நம்பிவிடுகிறது. பேரன் எழும்பிப்போய் அந்த இடத்தில் கையை நீட்டித் தடவிப் பார்த்தான்.

குறையும் உண்டு. எங்களுடையது சீமெந்துத் தரை, வெறும் சுவர். முதல் நாள் தபேலா தண்ணீர்ப் பீப்பாயைத் தட்டுவது போல் முழங்கியது. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து, தரையில் கம்பளம் விரித்த பிறகுதான் அடங்கியது. உச்சத்தொனி கொஞ்சம் மந்தம். அது பெட்டியின் குணமா, என் காதின் வயதா என்று மகனிடம் கேட்டேன். மரியாதைக்காக, பெட்டியின் குணம் என்றான்.

மறுநாள் இரவு அவனே ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து செருகினான். அலுமாரிக்குள் கிடந்த என் பழைய கெஸட்டுகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஏற்றியிருந்தான்.

நான் சவூதிக்குப் போனது 1984 இல். வாப்பாவுக்கு விருப்பமில்லை. கடையைப் பார்க்க ஆளில்லை என்றார். பிறகு என்னோடு பேசுவதையே விட்டார். அந்நாளில் வீட்டுக்கு வீடு கெஸட்டில் பேசி அனுப்புவார்கள். போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் கடிதத்தைவிட விரைவாக வந்து சேரும். உம்மா பேசி அனுப்பிய எதிலும் வாப்பாவின் குரல் இருந்ததில்லை. "வாப்பா கடையில மகன், வந்தா சொல்றேன்" என்பார் உம்மா. 1987 இல் வாப்பா மௌத்தானபோது ஜனாஸாவுக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை.

1985 இல் வந்த கெஸட்டை மகன் ஓடவிட்டான். உம்மா நடுவில் வந்து அமர்ந்தார். சலாம், ஊர்ப் புதினம், மாமியின் சுகயீனம். எல்லாம் எனக்கு மனப்பாடம். பிறகு அழுகையை விழுங்க ஒரு கணம் நிறுத்துவார். அந்த இடத்தில் அறை மெல்ல எழும்பி வந்தது. அந்தக் காலத்து ரெக்கோடர்கள், பேச்சு நின்றால் மைக்கின் உணர்வைத் தாமாகவே கூட்டிக்கொள்ளும். தூரத்துச் சத்தமெல்லாம் முன்னால் வரும். தகரக் கூரையில் மழை. கீழே ரயிலின் ஊதல். பிறகு ஒரு இருமல்.

"வாப்பா, யாரோ ஈக்கிறாங்க," என்றான் மகன்.

எனக்கு யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. சுருட்டுக்காரரின் இருமல் அது, அடிவயிற்றிலிருந்து வருவது. ரியாத்தில் தலையணைக்கடியில் வைத்துக் கேட்ட என் சின்னப் பிளேயருக்கு அடித்தொனி தரும் வலுவில்லை. நாடாவின் இரைச்சலும் மோட்டாரின் உறுமலும் எஞ்சியதை மூடிவிட்டன. இருமலுக்குப் பின் கதிரை இழுபடுகிறது. தாழ்ந்த குரலில் இரண்டு சொற்கள். உடனே உம்மா, "சாப்பாடெல்லாம் சரியா மகன்?" என்று தொடர்கிறார்.

அந்த இரண்டு சொற்களைப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்போம். "சாப்பிட்டானா கேளு" என்கிறான் மகன். "சும்மா ஈங்க, 'போதும், மூடு' எண்டுதான் கேக்குது" என்கிறாள் மனைவி. கணினியில் குரலை மட்டும் பிரித்தெடுக்க இப்போது வழியுண்டாம், கொழும்புக்குப் போனதும் செய்து அனுப்புவதாக மகன் சொல்லியிருக்கிறான். அதுவரை பொறுக்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பதுளையிலிருந்து ராத்தா வருகிறார். அன்று ரெக்கோடரின் பொத்தானை அமுக்கிக்கொண்டு உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.