பின்னே நிற்பவன் குரல்

முன்னே செல்வது எளிது. பின்னே செல்வதற்குத்தான் கல்வி வேண்டும். நவசேவாவிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் இடையே சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் டிரெய்லர் வண்டிகளை ஓட்டக் கற்ற நாங்கள், இதைக் கையாலும் கழுத்தாலும் கற்றோம். இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே லாரிக்காரர் கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் சிலவற்றின் அடுப்பு இத்தொழிலால் எரிகிறது என்பதே எங்கள் விடை.

லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், 1956 ஏப்ரலில் 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய முறை உலகெங்கும் பரவியது. 1989இல் நவசேவாத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பெட்டிகள் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி நீளமுள்ளவை. அகலம் 8 அடி. கப்பல் எவ்வளவு பெரிதாயினும், கதவு பின்பக்கம் இருப்பதால், இறுதியில் அப்பெட்டி ஏதோ ஒரு கிடங்கின் வாயிலில் பின்புறமாகப் போய் நின்றாக வேண்டும்.

இதில்தான் சிக்கல். முன்வண்டியை எங்கள் தொழிலில் 'ஹார்ஸ்', அதாவது குதிரை என்பார்கள். மசகு பூசிய தட்டின் நடுவே பூட்டிய 'கிங் பின்' ஒன்றே அதனையும் பின்வண்டியையும் இணைக்கிறது. பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் ஒடித்தால் பின்வண்டியின் வால் இடப்புறம் போகும். குதிரையின் பின்பகுதி வலப்புறம் நகர்ந்து பின்வண்டியின் தலையைத் தள்ளுகிறது. தலை வலம் போனால் வால் இடம் போவது இயற்கையன்றோ? நுகத்தடியைப் பிடித்து மாட்டுவண்டியைப் பின்னே தள்ளிய கிராமத்துப் பெரியவர்கள் இதை முன்பே அறிவார்கள்.

இழுக்கும்போது பின்வண்டி தானாகவே நேராகும். தள்ளும்போது சிறு கோணலும் நொடிக்கு நொடி வளரும். உரிய நேரத்தில் எதிர்ப்புறம் ஒடித்துக் குதிரையைப் பின்வண்டியின் வழிக்குக் கொண்டுவராவிட்டால், இரண்டும் மடக்குக் கத்தி போல் மடங்கிவிடும். ஆகவே முதற்பாடம் பொறுமை. எங்களுக்குக் கற்பித்த நாமக்கல் பக்கத்து அண்ணன் ஒருவர், ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடிக்கச் சொன்னார். கை எந்தப் பக்கம் போகிறதோ, வாலும் அந்தப் பக்கமே போகும். இவ்வொரு வழியால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அவர் சொன்ன மற்றொன்று, "சந்தேகம் வந்தா இறங்கிப் பாரு தம்பி. இறங்கினா ரெண்டு நிமிஷம் போகும், இடிச்சா ரெண்டு மாசச் சம்பளம் போகும்" என்பது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வால் வலப்புறம் வளைந்தால் தலையை நீட்டிக் கடைசிச் சக்கரம்வரை பார்க்கலாம். இடப்புறம் வளைந்தால் கண்ணாடி முழுவதும் பெட்டியின் சுவரே நிறைந்து நிற்கும். கடைசி மூலை தெரியாது. அங்கே ஓட்டுநருக்குக் கண்ணாய் நிற்பவன் கிளீனர். யார் எந்தத் திசை பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்து இடமும் வலமும் குழம்பும். அதனால் இத்தொழிலில் இடம், வலம் என்று சொல்வதை விட 'டிரைவர் சைடு', 'கிளீனர் சைடு' என்பதே வழக்கம். ஊரில் "வரலாம், வரலாம்" என்று கேட்ட குரல் இங்கே "ஆனே தோ, ஆனே தோ" என்று ஒலித்தது. எங்களுள் சிலர் கற்ற முதல் இந்தி அதுவே. அதைவிட முக்கியமாகக் கற்றது, "ருக்கோ" என்று கேட்டவுடன் காரணம் கேளாமல் நிறுத்துவது. குரல் நின்றுபோனாலும் வண்டியை நிறுத்த வேண்டும். கூப்பிட்டவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாத வரையில் ஓர் அங்குலமும் நகரலாகாது. பின்னே நிற்பவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை.

எங்களுள் பலர் முதலில் அப்படிப் பின்னே நின்றவர்களே. ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே வால் போகும் வழியைப் பல நாள் நின்று பார்த்தோம். ஓட்டுநர் எப்போது ஒடிக்கிறார், எப்போது விடுகிறார் என்பதைச் சக்கரத்தின் அசைவிலேயே படித்தோம். அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். இப்போது செலவு கருதிப் பல வண்டிகள் கிளீனர் இன்றியே ஓடுகின்றன. ஓட்டுநரே இறங்கிப் பார்த்து, ஏறி ஓட்டி, மீண்டும் இறங்குகிறார். அவர் ஏறி அமர்வதற்குள் வண்டியின் பின்னே ஒருவர் வந்து நின்றால் அறிவார் யார்? சில வண்டிகளில் காமிரா வந்துள்ளது, நல்லதே. ஆனால் காமிரா காட்டுமேயன்றி, குறுக்கே வருபவரைக் கையசைத்துத் தடுக்காது. அடுத்த தலைமுறை ஓட்டுநரை அது பயிற்றுவதும் இல்லை.

இம்மலரைப் படிப்போருள் கிடங்கு நடத்துவோரும் ஏற்றுமதி அலுவலகங்களில் பணிபுரிவோரும் உண்டு. அவர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. உங்கள் வாயிலுக்கு டிரெய்லர் பின்னே வரும்போது, பயிற்சி பெற்ற ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தில் இரு குடும்பங்கள் காக்கப்படுகின்றன.