இரும்பு இருந்தும் சோகை

ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை. நம் ஊரில் டாக்டர், மருந்துக்கடைக்காரர், மாமியார் எல்லோருக்கும் இது மனப்பாடம். பெரும்பாலும் சரியும்கூட. மாத்திரைக்கு மசியாத மிச்சம்தான் நோயியல் மருத்துவரான என் மேசைக்கு வருகிறது. மாதக்கணக்கில் இரும்பு சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று சீட்டு வந்தால் முதலில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைத் தேடுவேன். காய்ச்சல், அழற்சியிலும் அது ஏறும் என்பதால் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்ப்பேன். இரண்டுமே எகிறியிருந்தால், உடம்பில் இரும்புக்குப் பஞ்சமில்லை, அதைப் பயன்படுத்தும் இடத்தில்தான் கோளாறு என்று சந்தேகம் வரும். ரத்த ஸ்லைடில் நல்ல நிறமுள்ள அணுக்களும் வெளுத்துச் சிறுத்தவையும் இரு கூட்டமாகக் கலந்து கிடந்தால் சந்தேகம் வலுக்கும். அடுத்தது மஜ்ஜைதான்.

ஹீம் தயாரிப்பு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தொடங்கி அங்கேயே முடிகிறது. இரும்பு கடைசியில்தான் சேர்கிறது. நடுவில் தடை விழுந்தால் உள்ளே வந்த இரும்பு அங்கேயே படிந்துவிடும். வளரும் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாக்கள் உட்கருவை ஒட்டி நிற்பதால், இரும்புச் சாயம் போட்டதும் நீலப் புள்ளிகள் அதைச் சுற்றி வளையமாகத் தெரிகின்றன. வளைய சிடெரோபிளாஸ்ட் என்பது இதுதான்.

சாயம் பழையது. மாக்ஸ் பெர்ல்ஸ் 1867இல் சொன்னதைத்தான் இன்றும் செய்கிறோம்: பொட்டாசியம் ஃபெரோசயனைடு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டையும் போடும் நேரத்தில் கலக்க வேண்டும். வேலை சுலபம், கெடுவதும் சுலபம். குழாய்த் தண்ணீரில் ஸ்லைடைக் கழுவினால் போர்வெல் இரும்பும் நீலமாகிவிடும். புதிதாக வரும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதுதான்: நுண்திருகை லேசாக அசைத்துப் பாருங்கள். அணு தெளிவாக இருக்கும்போது நீலம் மங்கி, நீலம் தெளியும்போது அணு மங்கினால், அது மேலே விழுந்த அழுக்கு. இரண்டும் ஒரே தளத்தில் தெளிந்தால்தான் எண்ணலாம். இரும்பு இருப்பது உறுதியான கட்டுப்பாட்டு ஸ்லைடு ஒன்றைக் கூடவே சாயமேற்றாத ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டில் வளையம் தேடுவதும் வீண். எலும்பை இளக்கப் போடும் அமிலம் இரும்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும். உறிஞ்சி எடுத்த மஜ்ஜையில், அதுவும் மஜ்ஜைத் துகள்கள் உள்ள ஸ்லைடில்தான் பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமான மஜ்ஜையிலும் ஓரிரு நீலப் புள்ளிகள் உள்ள அணுக்கள் உண்டு. வளையம் என்று சொல்ல ஐந்து புள்ளிகளாவது வேண்டும், அதோடு உட்கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது அவை தழுவ வேண்டும். “மேடம், இது நாலா அஞ்சா?” என்று இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர் கேட்பார். ஒன்றிரண்டு அணுக்களில் அந்த விவாதம் வந்தால் கவலையில்லை. பார்வைப் புலம் முழுக்க வந்தால் ஸ்லைடைத் திரும்பச் சாயமேற்றச் சொல்லிவிடுவேன்.

வளையம் கிடைத்ததும் மைலோடிஸ்பிளாசியா, அதாவது மஜ்ஜை அணுக்களே பழுதாக உருவாகும் நோய், என்று எழுதிவிடக் கை பரபரக்கும். இளம் சிவப்பணுக்களில் வளையமுள்ளவை 15 சதவீதம், எஸ்எஃப்3பி1 மரபணு மாற்றம் இருந்தால் 5 சதவீதமே போதும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கைத் தொடுவதற்கு முன் நோயாளியின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஹீம் தயாரிப்பின் முதல் நொதிக்கு வைட்டமின் பி6 வேண்டும். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் அதைத்தான் முடக்குகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் மாதக்கணக்கில் தரும் லினசோலிட், மைட்டோகாண்ட்ரியாவின் புரதத் தயாரிப்பிலேயே கைவைக்கிறது. குடிப்பவர்களின் மஜ்ஜையில் வளையங்களோடு இளம் அணுக்களில் குமிழ்களும் தெரியும். குடியை நிறுத்திய சில வாரங்களில் வளையங்கள் மறைந்துவிடும். பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறையில் வேலை என்றால் ரத்த ஈய அளவு பார்க்காமல் விடக்கூடாது.

அதிகம் தப்பிப்போவது தாமிரக் குறைவுதான். ஒரு பெரியவரின் மனைவியிடம் என்னென்ன மாத்திரை என்று கேட்டபோது, “மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சத்து மாத்திரை மட்டும்தான்” என்றார். கொரோனா காலத்தில் ஆரம்பித்த துத்தநாக மாத்திரையை அவர் விடவே இல்லை. துத்தநாகம் அதிகமானால் குடல் அணுக்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, உதிரும் குடல் அணுக்களோடு தாமிரமும் வெளியேறிவிடும். மஜ்ஜையில் வளையங்கள், சிவப்பணு வெள்ளையணு இரண்டின் மூல அணுக்களிலும் குமிழ்கள், கூடவே வெள்ளையணு குறைவு என்றால் பார்ப்பதற்கு அச்சு அசல் மைலோடிஸ்பிளாசியா. மாத்திரையை நிறுத்தித் தாமிரம் கொடுத்தால் ரத்தம் தேறும். கை கால் மரத்துப்போயிருந்தால் அது முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒரு சீரம் தாமிரப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, மரபணுப் பரிசோதனைச் செலவில் சின்னப் பங்கு. சீட்டில் இரண்டாவதைக் கேட்டு முதலாவதை விட்டிருந்தால் எனக்குக் கோபம் வரும்.

இவையெல்லாம் விலகினால்தான் மைலோடிஸ்பிளாசியா. அங்கே எஸ்எஃப்3பி1 மாற்றம் இருப்பது ஒப்பீட்டளவில் நல்ல செய்தி. மற்ற வகைகளைவிட இது நிதானமாக நகரும். ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கும் லஸ்பாடர்செப்ட்டுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இளம் வயது ஆண், சிறிய அணுக்கள், தலசீமியா பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் பரம்பரை வகையை நினைக்க வேண்டும். ஆண்களிடம் மட்டும் காணப்பட்ட இத்தகைய சோகையை ஒரு குடும்பத்தில் தாமஸ் கூலி 1945இல் விவரித்தார். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஏஎல்ஏஎஸ்2 மரபணுவின் பழுது அது. இவர்களில் பலருக்கு பி6 மாத்திரையே ஹீமோகுளோபினை ஏற்றிவிடும், ஆகவே சில மாதம் கொடுத்துப் பார்க்காமல் கைவிடக் கூடாது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நான் கூடுதலாக எழுதுவது ஒன்று உண்டு: உடன்பிறந்தவர்களுக்கும் ஃபெரிட்டின் பார்க்கவும். லேசான சோகையோடு நடமாடும் தம்பிக்கும் கல்லீரலில் இரும்பு ஏறியிருக்கலாம், அவருக்கும் யாராவது இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கலாம்.