ராமகிருஷ்ணா தெருவின் வெள்ளிக்கிழமைகள்

நீங்களும் சென்னை ஜார்ஜ் டவுன் பக்கத்து ஆள் என்றால் நான் வழி சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் தங்கசாலைத் தெருவில் இறங்கினால் மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். கொத்தவால் சாவடியின் வாழைமட்டையும் நசுங்கின தக்காளியும் ஒரு பக்கம். மளிகை மண்டிகளின் வரமிளகாய் நெடி ஒரு பக்கம். பூக்கடையிலிருந்து வரும் மல்லிகையும் மருக்கொழுந்தும் இன்னொரு பக்கம். இந்த வாசனைக் கலவையில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணியும் சேர்ந்துகொள்ளும். தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், எலுமிச்சம்பழமும் கையுமாகக் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குப் போகிற பெண்களுக்குக் கை வண்டிக்காரன்கூட ஒதுங்கி வழி விடுவான்.

எங்கள் பெரியப்பா காலத்து ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கந்தகோட்டத்தோடு முடிகிற விஷயமில்லை. ராமகிருஷ்ணா தெருவும் உண்டு. ‘தனம் வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள். வீணை தனம்மாள் என்று முழுசாகச் சொல்வது வெளியூர்க்காரர்கள்தான்.

பெரியப்பா பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆறு நாளும் மைக் கறைபட்ட விரலோடு வருகிறவர், வெள்ளிக்கிழமை மட்டும் கை கால் கழுவி, வெளுத்த வேட்டி கட்டி, வெற்றிலைச் செல்லத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவாராம். ஏன் என்று பிற்பாடு நான் கேட்டபோது சொன்னார்: “பக்கத்துல ஒருத்தன் வெத்தலை மென்னா ஒரு கமகம் போயிடும்டா.” டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடத்தில் வந்து உட்கார வேண்டியது. அந்த அம்மாள் மீட்டுகோல் தொடுவதில்லை, வெறும் விரல்தான். கூடவே, கேட்டும் கேட்காததுமாகத் தானும் பாடுவார். எது தந்தி, எது தொண்டை என்று பிரிக்க முடியாது என்று பெரியப்பா சொல்லும்போது அவருடைய வலது கை விரல் தொடையில் தானாக அசையும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரோடும் பேச மாட்டாராம். “வீணை கேட்டுட்டு வந்தா ரசம் இறங்காதா உங்களுக்கு?” என்று பெரியம்மா சிடுசிடுப்பார்.

தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியும் பாடியும் வாழ்ந்த வம்சம் அது. பாட்டி காமாட்சி அம்மாள் காலத்தில் பட்டணம் வந்து சேர்ந்தது. தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடமே பாடம் கேட்டவர். 1867-ல் பிறந்த தனம்மாளுக்குச் சங்கீதம் தொட்டிலிலேயே கிடைத்தது. தீட்சிதர் கிருதி, க்ஷேத்ரக்ஞர் பதம், ஜாவளி என்று அந்த வீட்டில் சேர்ந்த சொத்துக்குக் கணக்கில்லை. பணக் கணக்குத்தான் உதைத்தது. வரவை மீறிய கை அவருக்கு. கடன் தொல்லை கடைசிவரை விடவில்லை. பார்வையும் மங்கிப் போயிற்று. அப்போதும் வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு விலை வைக்கவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வீணையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குடும்பம்தான் அவருடைய பெரிய சாதகம் என்பேன். ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி என்று நாலு பெண்கள். நாலு பேரும் பாடகிகள். அப்புறம் பேரன் பேத்திகள். அடுப்பங்கரையில் கீரை ஆய்கிறவளும் முற்றத்தில் தலை வாரிக்கொள்கிறவளும் சுருதி சேர்ந்திருந்தால்தான் அப்படி ஒரு வீடு அமையும். பேத்திகள் பிருந்தாவையும் முக்தாவையும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்க அனுப்பியதும் அந்த வீடுதான். எல்லாம் நமக்கே தெரியும் என்று பாட்டி கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

ஜெயம்மாளின் பெண் பாலசரஸ்வதி, 1925-ல் காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேறியபோது வயது ஏழு. அது எப்பேர்ப்பட்ட சமயம் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்டம் வேண்டும், அதை ஆடி வந்த வீட்டுப் பெண்கள் வேண்டாம் என்று ஊர் பேசத் தொடங்கியிருந்த காலம். அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் மகள் ஆடினாள், தாய் பின்னால் நின்று பாடினாள். பின்னாளில் மகள் பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போதும் ஜெயம்மாள் அதே இடத்தில் நின்று பாடினார். தாயார் ஒரு சங்கதியை மாற்றினால் மகள் முகத்தில் பாவமும் மாறும். வேறு யாருடைய மேடையிலும் அப்படிப் பார்த்ததில்லை என்று பெரியப்பா சத்தியம் பண்ணுவார். அவருக்குக் கொஞ்சம் மிகைப்படுத்துகிற பழக்கம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நான் அவரை நம்புகிறேன்.

1938-ல் தனம்மாள் போனார். மழைக்காலத்துக்கு முந்தின புரட்டாசிப் புழுக்கத்தை டவுனில் அனுபவித்தவர்களுக்குத் தெரியும், காற்றே இருக்காது. அதற்கப்புறமும் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் பெரியப்பா வெளுத்த வேட்டியோடு கிளம்பி, எங்கே போவது என்று தெரியாமல் கந்தகோட்டத்துக் குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். புல்லாங்குழல் விஸ்வநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பாலாவுக்கு 1973-லும் பிருந்தாவுக்கு 1976-லும் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் கொடுத்தது. பெரியப்பா இருந்திருந்தால், இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டிருப்பார்.

1996-ல் கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. வாழைமட்டை வாசனையும் அதோடு போயிற்று. திண்ணைகள் கடையாயின, கூடங்கள் கிடங்காயின. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போனால் லோடு இறக்குகிறவர்களின் கூச்சலும் ஆட்டோ ஹாரனும்தான். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. வீணைக்கு எங்கே போவது?

தனம்மாள் வாசித்த பழைய கொலம்பியா தட்டுகள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன; தேடினால் இணையத்திலேயே கிடைக்கும். கீறல் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஒலியைக் கூட்டாதீர்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வாயில் வெற்றிலை வேண்டாம்.